பத்தாம் நம்பர் ஸ்பேனர்

நான்கு நிமிடம்.
கதவுக்கு வெளியே தொப்பியைக் கழற்றச் சொல்லி
கிரி, கானான், கிரி, கானான் என்று கத்தியபடி
உள்ளே கொண்டுவந்து நிறுத்தினார்கள்.
கூண்டு இல்லை. வக்கீல் இல்லை.
நீலத் தரைவிரிப்பு,
சுவரில் கோணலாய்த் தொங்கும் விமானப் படம்,
மூலை மேசையில் எழுதுவதற்கு நான்.

பட்டர்வொர்த் விமானத்தளம், ராத்திரி ஷிப்ட்.
கருவிகள் எல்லாம் சரி என்று
கையெழுத்துப் போட்டிருந்தான்.
பலகையில் ஒவ்வொரு கருவிக்கும் பின்னால்
அதன் நிழலை வரைந்து வைத்திருப்பார்கள்.
காலையில் பத்தாம் நம்பர் ஸ்பேனரின்
நிழல் மட்டும் இருந்தது.
ஓடுபாதை வரை போன விமானத்தைத் திருப்பி அழைத்து
இரண்டு நாள் வயிற்றைக் கிழித்துப் பார்த்தார்கள்.
அதற்குள்ளும் இல்லை.

கமாண்டர் நல்லவர், அதையும் சொல்லியாக வேண்டும்.
குரலை உயர்த்தவே இல்லை.
"என் தீர்ப்பை ஏற்கிறாயா,
இராணுவ நீதிமன்றம் போகிறாயா?"
சட்டம் கேட்கச் சொன்ன கேள்விதான்.
பினாங்குக் கப்பலில் பாதிக் கடல் வந்தவனிடம்
இறங்கிக்கொள்கிறாயா என்பது போல.
கோப்ரல் குணாளன் என்னைப் பார்த்தான்.
நான் பேனாவைப் பார்த்தேன்.
"ஏற்கிறேன், துவான்."

கடுங்கண்டனம். ஏழு நாள் சம்பளம்.
வெளியே வந்து தொப்பியைப் போட்டுக்கொண்டு
"அவ்வளவுதானா சார்ஜன்?" என்றான்,
ஊசி போட்டுக்கொண்டு வந்த பிள்ளை மாதிரி.
அவ்வளவுதான் என்றேன்.

சம்பளக் கணக்கு அந்த மாதமே தீர்ந்தது.
நடத்தைத் தாளில் சிவப்பு மையில்
ஒரே ஒரு வரி எழுதினேன்.
என் கையெழுத்து அழகென்று தளமே சொல்லும்.

சார்ஜன் பதவிக்குப் பெயர்கள் போனபோது
மேலே இருந்தது அவன் கோப்பு.
தாளைப் புரட்டினார்கள், கீழே போனது.
அவனிடம் வேலை பழகிய பையன்
அடுத்த ஆண்டே மூன்றாவது பட்டை குத்திக்கொண்டான்.
ஆஸ்திரேலியப் பயிற்சிக்கு இன்னொருவன்.
வேண்டாம் என்று யாரும் சொன்னதில்லை.
'இம்முறை இல்லை' என்றுதான்.
ஐந்து முறையும் கடிதம் தட்டச்சு செய்தது நான்.
தேதியை மட்டும் மாற்றினால் போதும்.

அன்றிரவு பொறுப்பிலிருந்த கேப்டன்
இப்போது லெப்டினன்ட் கர்னல்.
அவர் எண்ண வேண்டியதில்லை,
எண்ணியாயிற்றா என்று கேட்டால் போதும்.
கேட்டேன் என்றார்.

மூன்றாம் ஆண்டு
ஹங்காரில் பழைய அலமாரியை நகர்த்தியபோது
பின்னால் கிடந்தது ஸ்பேனர்,
பல்லி முட்டைகளோடு.
தாளை எடுத்து இடம் தேடினேன்.
குற்றத்துக்குக் கட்டம் உண்டு,
தண்டனைக்கு உண்டு, தேதிக்கு உண்டு.
'கிடைத்துவிட்டது' என்பதற்கு இல்லை.
"கிடைத்தால் என்ன,
எண்ணாமல்தானே கையெழுத்திட்டான்?"
என்றார் புதிதாக வந்த கமாண்டர்.
அதுவும் சரிதான்.
எல்லாச் சரிகளையும் கூட்டிப் பார்த்தேன்,
கணக்கு வரவில்லை.

கோப்ரலாகவே வெளியே வந்தான்.
போன மாதம் பிறையில் என் கார் பஞ்சர்.
தள்ளிக்கொண்டு போன டயர்க்கடை
அவனுடையதாக இருந்தது.
நாற்காலியைத் துடைத்துப் போட்டான்.
சுவர் நிறையக் கருவிகள்,
ஒவ்வொன்றின் பின்னும் கறுப்பு பெயிண்டில் நிழல்.
கடை அடைக்கும் நேரம்.
சத்து, டூவா, தீகா என்று
விரல் வைத்து எண்ணினான்.
முடிந்ததும் மறுபடி
முதலிலிருந்து.

பன்னிரண்டு ரிங்கிட்.
எதற்கோ ரசீது கேட்டுவிட்டேன்.
எழுதி, கிழித்து,
தடுப்புக்குப் பின்னால் நீட்டினான்,
"கஸ்தூரி, சைன் வை."

பிறகு என்னிடம்,
கோபமே இல்லாமல்:
"நான் எதுலயும் சைன் வைக்கிறதில்ல, சார்ஜன்."