உடுக்குறி

யாரும் காதால் கேட்டிராத சொல்லுக்கு முன்னால்
ஒரு நட்சத்திரம் போடவேண்டும்.
கண்டெடுத்ததல்ல,
கணக்குப் போட்டு வருவித்தது என்று அதற்குப் பொருள்.
எங்கள் தொழிலில் நாணயம் என்று ஒன்று உண்டென்றால்
அது இந்த ஆறு முனைப் புள்ளிதான்.

எண்ணூர்ச் சாம்பலுக்கு இந்தப் பக்கம்
தண்டையார்பேட்டை மொட்டைமாடியில் அண்ணாந்தால்
துறைமுகத்துக் கிரேன் விளக்குதான்.
நட்சத்திரங்களை நான் அதிகம் பார்த்தது
தாளில்.

வாடகை ஒப்பந்தத்தில் தொழில் என்ற இடத்தில்
அகராதி என்று எழுதினேன்.
என்ன பாஷை என்றார் வீட்டுக்காரர் எத்திராஜுலு.
தாய், லாவோ, ஜுவாங், ஹ்லாய், கெலாவ்
எல்லாம் பிரிவதற்கு முன் இருந்தது.
அதுக்குப் பேரு?
அவர்கள் என்ன பேர் வைத்திருந்தார்களோ.
க்ரா-தாய் என்பது நாங்கள் ஒட்டிய லேபிள்.
அட்வான்ஸ் பத்து மாசம் என்றார்.

இன்றைய வரிசை: கண்.
தாய்லாந்தில் தா. லாவோசிலும் தா.
(எனக்கு ஒவ்வொரு முறையும்
யாரோ கைநீட்டிக் கேட்பதுபோலவே விழுகிறது.)
யுன்னான் மலையோரம் புயாங் பேசும்
கொஞ்சம் பேரிடம் மட்டும் மத்தா.
முன்னால் ஒரு ம இருந்திருக்கிறது.
மற்றவர்கள் வழியில் எங்கோ
இறக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

எப்படி விழும் என்று வியப்பவர்கள்
மணிக்கூண்டில் ஷேர் ஆட்டோ ஏறிப் பார்க்கலாம்.
தண்டார்ப்பேட்ட, தண்டார்ப்பேட்ட.
வைத்துக்கொண்டு போனவன் வச்சுகினு போகிறான்.
வாய்க்கு எப்போதும் அவசரம்,
உதிர்வதெல்லாம் காலடியில்.
"டோல்கேட் எறங்கு" என்கிறான் பையன்.
கேட்டும் இல்லை, வரி வாங்க ஆளும் இல்லை.
அங்கே பொருள் போய்ச் சொல் நிற்கிறது.
என் மேசையில் நேர்மாறு:
கண் அத்தனை பேருக்கும் இருக்கிறது,
அதை முதலில் அழைத்த வாய் இல்லை.

அடுத்த வரிசை: சா.
புயாங்கில் மத்தே.
தாய் மொழியில், கேளுங்கள், தாய்.
அச்சுக்குக் கொடுத்தபோது
ஸ்டான்லி அருகே டி.டி.பி. கடை வகாப்
தாய்மொழி என்று சேர்த்துவிட்டார்.
"பெத்தவ பேரு எப்டிம்மா சாவாவும்?"
திருத்தினேன்.
இரண்டு நாள் மனசு சேர்த்தே படித்தது.

எதிர்வீட்டு போட் மெக்கானிக் டெல்லஸ்
போன வியாழன் இறந்தார்.
இறந்தார் என்று தெருவில் ஒருவர் சொல்லவில்லை.
டிக்கெட் வாங்கிட்டாரு. பூட்டாரு.
ஐயாயிரம் வருஷம் கழித்து ஒருத்தி
எங்கள் சந்தின் பேச்சு மட்டும் கிடைத்து உட்கார்ந்தால்
சாவை ஒரு பயணம் என்றே மீட்டெடுப்பாள்,
கவுன்ட்டர் எங்கே என்று தேடுவாள்.
நட்சத்திரமும் போடுவாள், நேர்மையாக,
தப்பாக.

கடல் என்ற கட்டம் காலி.
அலைச்சத்தத்தில் உட்கார்ந்துகொண்டு
ஆறு வாரமாய் அது காலி.
ஒரு கிளையில் கிடைப்பது
இன்னொன்றில் ஒட்டமாட்டேன் என்கிறது.
பார்க்காத கடலா, மறந்த கடலா,
தெரியாததற்கு இடக் குறி கிடையாது.

கரண்ட் போயிற்று.
தங்கை மகள் ஷெரின் தலையைச் சொறிந்தபடி
மெழுகுவர்த்தியோடு வந்து மடியில் சாய்ந்தாள்.

பேன்: நாற்பத்திரண்டாம் வரிசை.
எளிதில் தொலையாத சொற்களில் ஒன்று.
அரசன் போவான், ஊர் போகும்,
பேன் தலையோடு வரும்.
பேனைப் பெருமாளாக்குகிறாய் என்று
தங்கை என்னைத் திட்டுவது
என் வேலைக்குச் சரியான விளக்கம்.

சீப்பில் ஒன்று அகப்பட்டது.
இடது கட்டைவிரல் நகத்தில் வைத்து
வலது நகத்தால் குத்தினேன்.
ட்டிக்.

அந்தப் பழைய ஆற்றங்கரையிலோ கடற்கரையிலோ
பெயர் தெரியாத ஒருத்தியின் நகத்திலும்
இதே சத்தம்தான், தேயாமல், திரியாமல்.
இதற்கு முன்னால் எதுவும் போடத் தேவையில்லை.

"இன்னொண்ணு கீது," என்றாள் ஷெரின்,
"காதாண்ட."