ஓட்ட அறிக்கை, அம்பகாமம்

தம்பி கோகுலராஜ்,
பெட்டி வந்து சேர்ந்தது. ஒரு மூலை நசிவு.
தேவராசா அதைச் சொக்லேற்றுக்கு அடியில்
பதினாறு மணித்தியாலம் படுக்க வைத்திருக்கிறான்.
உனக்கு அங்கே முழங்கால் மட்டும் பனி,
ஓட்டிப் பார்த்துச் சொல்லக்கா என்று எழுதியிருந்தாய்.
சொல்கிறேன்.

இரண்டு உள்ளங்கை சேர்த்தால் அது நிற்கும்.
சிவப்பு உடம்பு, பின்னால் ஒரு வெள்ளைச் சிறகு.
ஓட்டுகிறவன் தலைக்கவசம் போட்டிருக்கிறான்.
இடுப்புக்குக் கீழே அவனுக்கு ஒன்றுமில்லை.
பெட்டியிலேயே அப்படித்தான் வந்தான்,
நான் எதையும் தொலைக்கவில்லை.

எண்பத்தேழாம் ஆண்டு அச்சைத் தூசி தட்டி
மறுபடி வார்த்தார்களாம்.
முன் கை பலவீனம், உடையும் என்றாய்.
உடைந்தது,
கிரவல் ரோட்டில், முதலாவது கல்லில்.
பழைய பிழையையும் விடாமல் வார்த்திருக்கிறார்கள்,
காசு கொடுக்கிறவர்களுக்கு அதுவும் வேணுமாக்கும்.
எனக்குத் திரும்ப எடுத்துத் தந்த பிறப்புப் பத்திரத்திலும்
அம்மாவின் பேரில் அதே எழுத்துப் பிழை.
சவர்க்காரப் பெட்டி மூடியை வெட்டி
ஒரு கை செய்து பூட்டினேன். வெள்ளை நிறம்.
பார்வைக்கு வடிவில்லை, வளைகிறது, உடையவில்லை.

கிரவலில் பின் சில்லு சும்மா சுற்றிக்
குழி தோண்டுகிறது.
அதனால் ஞாயிற்றுக்கிழமை
பதினாலாம் கட்டத்துக்குக் கொண்டு போனோம்,
நானும் சயந்தினியும்.
மாசியில் நாங்கள் முடித்துக் கையளித்த நிலம்.
காணிக்காரர் இன்னும் வேலி போடவில்லை.
மணல் கலந்த மண், இறுகல், புல் கட்டை.

இருபது மீற்றர். நாடா வேலைத்தள நாடா, பொய் சொல்லாது.
முதல் ஓட்டம் நாலு தசம் ஒன்று செக்கன்.
இரண்டாவது மூன்று தசம் எட்டு.
அதே இருபது மீற்றரை
ஒரு மீற்றர் அகல ஓடையில்
நான் முழங்காலில் நாலு நாள் போனேன்,
ஒவ்வொரு ஆணிக்கும் நின்று
ஒவ்வொரு சோடா மூடிக்கும் நின்று.
மூன்றாம் நாள் பத்தரைக்கு
ஆணியும் இல்லை, மூடியும் இல்லை.

மூன்றாவது ஓட்டத்தில்
சரியாக அந்த இடத்தில்
உன் வண்டி ஒரு துள்ளுத் துள்ளியது.
கிண்டிய குழியை நிரப்பினபோது
நான் ஒழுங்காக மிதிக்கவில்லை போல, கொஞ்சம் தாண்டிருக்கிறது.
அது என் பிழை, வண்டியில் குறையில்லை.
வில்லு நல்லம், விழுந்தும் நேரே போனது.
சயந்தினி குந்திவிட்டாள், இரண்டு கையும் காதில்,
நேரம் பார்க்கும் போன் நிலத்தில்.
ஆகவே அந்த ஓட்டம் கணக்கில் இல்லை.
கொஞ்ச நேரம் கழித்துச் சிரித்தோம். முதலில் அவள்தான்.

பற்றரி பன்னிரண்டு நிமிடம்.
மோட்டர் சுடுகிறது, வெயிலும் சுட்டது,
எது எவ்வளவு என்று பிரிக்க முடியவில்லை.
திரும்பும் வட்டம் பெரிது.
ரிமோட் முப்பத்தைந்து மீற்றர் வரை பிடிக்கும்,
அதற்கு மேலே பேச்சுக் கேட்காது.

அதை நாங்கள் கண்டுபிடித்த விதம்:
சிவப்புக் கம்புக்கு அங்கால்
நாடாவுக்குக் கீழால் புகுந்து
பதினைந்தாம் கட்டத்துக்குள்
தன்பாட்டில் ஓடியது. நான் பிடியை இழுத்தேன், இழுத்தேன்.
தம்பி, அதுதான் அதன் மிக நேரான ஓட்டம்.
பாலைமர வேரில் முட்டி நின்றது,
அரைவட்டம் சுழன்று, எங்களைப் பார்த்து.

கால் கிலோவும் இல்லை,
அதன் பாரத்துக்குக் கீழே எதுவும் அசையாது.
என் பாரம் ஐம்பத்தெட்டு.
எல்லைக் கம்பிலிருந்து பதினொரு மீற்றர் என்று
கண்ணால் மட்டிட்டேன்.
சயந்தினி பதின்மூன்று என்கிறாள்.

பதினைந்தாம் கட்டம் மழைக்குப் பிறகு தொடங்கும்.
நாளுக்கு ஐந்து மீற்றர்,
வேர் குறுக்கிட்டால் மூன்று.
அந்த ஓடையை எனக்குத் தரச்சொல்லிக் கேட்டிருக்கிறேன்,
காரணம் சொல்லவில்லை.

நீ அதற்குள்
முன் கை இரண்டு சோடி அனுப்பு.
சிவப்பு கிடைத்தால் சிவப்பு.