பதிவு எண்

அயனாவரத்தில் நூற்றிருபது வீடுகளுக்கு
ராத்திரிக் கதவு நான்.
யாரு, எந்த பிளாக், யாரைப் பார்க்கணும்,
வண்டி நம்பர் எழுதுங்க, கையெழுத்து போடுங்க.
பார்சல் பையனிலிருந்து
செகரட்டரியின் சம்பந்தி வரை
ஒருவரையும் சும்மா உள்ளே விட்டதில்லை.

அமலியின் கழுத்தில் தைராய்டு கட்டி.
வெள்ளிக்கிழமை எடுத்துவிடலாம் என்றார்கள்.
அறுப்பவரின் படம்
புரசைவாக்கம் பஸ் நிறுத்தத்தில்
கைகட்டிச் சிரிக்கிறது.
அவர் கத்தியைத் தொடும் முன்
அவளை அவளிடமிருந்து வாங்கி
இரண்டு மணி நேரம் வைத்திருந்து
திருப்பித் தரப்போவது யார் என்று கேட்டேன்.

ரிசப்ஷன் பெண் பேனாவைக் கீழே வைத்தாள்.
"மயக்க டாக்டரா? அதெல்லாம் பெரியவரே
ஏற்பாடு பண்ணிக்குவார்ண்ணா.
இதை யாரும் கேட்கிறதில்லை."

கேட்கிறதில்லைதான்.
கேட்டால் கோபம் வரும் என்பதை
கேட்டில் நிற்கிறவனுக்கா சொல்லித்தர வேண்டும்?

மூன்றாம் நாள்
லிஃப்ட் ஓட்டும் மோகனரங்கம் சொன்னார்:
"ஹெப்சிபா மேடம். வெள்ளை ஸ்கூட்டர்.
காலையில பெரம்பூர், மத்தியானம் இங்க,
அப்புறம் தாம்பரம் பக்கம் எங்கயோ.
எந்த ஆஸ்பத்திரி போர்டுலயும் பேர் இருக்காது."

சி பிளாக் யாழினி தன் போனில்
மருத்துவக் கவுன்சில் பதிவேட்டைத் திறந்தாள்.
எம்.டி., மயக்கவியல். பதிவான வருஷம்,
நான் அமலியைக் கட்டிய அதே வருஷம்.
எண்ணை உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.
அன்றிரவு பழைய நோட்டின் கடைசிப் பக்கத்தில்
பெயர், வண்டி, வரும் நேரம் எல்லாம் நிரப்பி
'வந்த காரணம்' என்ற கட்டத்தில் எழுதினேன்:
அமலியைத் தூங்கவைக்க. எழுப்ப.
'எழுப்ப' என்பதன் கீழே கோடு.

அடுத்தது காப்பீட்டு மேசை.
கம்பெனி கொடுத்த குரூப் பாலிசி.
ஆஸ்பத்திரி பட்டியலில் உண்டு,
கட்டில் உண்டு, கத்தி உண்டு, பஞ்சு கூட உண்டு.
"ஆனா மேடம் வெளியிலிருந்து வர்றவங்க.
அவங்க பில்லு சில நேரம் தனியா வரும்."
சில நேரம் என்றால்?
"பெரும்பாலும் வராது சார்."
பெரும்பாலும் என்று யாராவது சொன்னால்
நான் கேட்டைத் திறப்பதில்லை.
ஒன்றரை மணி நேரம் நின்றேன்.
மூன்று போன், ஒரு மெயில்.
கடைசியில் ஒப்புதல் தாளில் தனி வரியாக:
மயக்க மருத்துவர் கட்டணம், அடக்கம்.
சீலும் வாங்கினேன்.

வியாழன் இரவு எட்டேகால்.
ஹெல்மெட்டோடு வந்தார்,
எதிர்பார்த்ததைவிடக் குள்ளம்.
வாயைத் திற, நாக்கை நீட்டு, அண்ணாந்து பார்.
ஆடுகிற பல்? எந்த மருந்தாவது ஒத்துக்காதா?
பிரசவத்தில் முதுகில் ஊசி போட்டார்களா?

என் உள்ளங்கை அவர் கண்ணில் பட்டுவிட்டது.
"என் நம்பரா? கடைசியில ஏழு இல்ல, ஒண்ணு."
கோபமில்லை.
பையைத் துழாவி அடையாள அட்டையை
மேசை மேல் வைத்தார்,
என் கேட்டில் யாருமே வைக்காத மாதிரி.

பிறகு என் பக்கம் திரும்பி:
"தூக்கத்துல குறட்டை விடுவாங்களா?
நடுவுல மூச்சு நிக்குமா?"

அமலி என்னைப் பார்த்தாள்.
பதினோரு வருஷமாக எனக்கு நைட் டியூட்டி.
நான் வீடு திரும்பும்போது
அவள் பல் தேய்த்துக்கொண்டிருப்பாள்.
நூற்றிருபது வீட்டில்
எந்த ஜன்னலில் எப்போது விளக்கணையும் என்று தெரியும்.

"தெரியலை மேடம்."

அவர் அதையும் எழுதிக்கொண்டார்.
"தெரியாதுன்னா, இருக்குன்னு வச்சுக்குவேன்,"
என்று ஹெல்மெட்டை எடுத்தார்.

வெள்ளி இரவு.
வார்டில், கட்டிலடியில் பாய்.
கழுத்தில் கட்டோடு அவள் தூங்குகிறாள்.
இரண்டு மணிவாக்கில் அந்தச் சத்தம்,
தண்ணீர் நின்றுபோன குழாயில்
காற்று ஏறுவது போல.
எழுந்து உட்கார்ந்து எண்ணினேன்.
நிற்கவில்லை.

உடனே மேடத்திடம் சொல்ல வேண்டும் போலிருந்தது.
அவர் இந்நேரம் தாம்பரத்தில்
யாரையோ அண்ணாந்து பார்க்கச் சொல்லிக்கொண்டிருப்பார்.
உள்ளங்கையில் ஏழு பாதி அழிந்து
ஒன்று மாதிரித்தான் இருந்தது.