எழுநூறு மில்லி

பத்தொன்பது வருஷம் இந்த மலையில் பஸ் ஓட்டியவன்.
இருபது கொண்டை ஊசி வளைவும்
என் தோள்பட்டைக்குள் இருக்கின்றன.
இப்போது செவ்வாயும் வெள்ளியும்
ஏற்காட்டின் அதே முதல் வண்டியில்
மூன்றாவது ஜன்னலோரம் பயணியாக இறங்குகிறேன்.
வளைவு வருமுன்னே என் வலது கால்
இல்லாத பிரேக்கை மிதிக்கும்.
கண்டக்டர் சிரிக்காமலிருக்கப் பழகிவிட்டான்.

நாளுக்கு எழுநூறு மில்லி.
டீ, ரசம், மாத்திரைக்கான மடக்கு,
எல்லாம் அதற்குள்.
தயாமணி அலமாரிக் கதவின் உட்பக்கம்
பென்சிலால் எழுதி வருகிறாள்.
போன மாதம் திருவிருந்து முடிந்து வந்த ஞாயிறு,
"பாத்திரத்துல எவ்வளவு குடிச்சீங்க?"
"ஒரு வாய்."
"ஒரு வாய்னா?"
கர்த்தருடைய இரத்தத்தை
எட்டு மில்லி என்று எழுதினாள்.
எழுதிவிட்டு இரண்டு பேரும்
சிரிக்கப் பயந்து
கொஞ்ச நேரம் அப்படியே நின்றோம்.

ஆயர் நல்ல மனுஷர். வீட்டுக்கு வந்து ஜெபித்தார்.
காலில் கட்டையோடு
நடுராத்திரியில் பாடின
அந்த இரண்டு கைதிகளைச் சொன்னார்.
அவர்களுக்குத் தண்ணீரை அளந்து கொடுத்தார்களா
என்று கேட்க நினைத்தேன்.
கேட்கவில்லை.
அவருக்கு மட்டும் டம்ளர் நிறையக் காபி வந்தது.
நான் அவர் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்,
ஆமென் வரை.

கீழே சேலத்தில்
பெரியாஸ்பத்திரிக்குப் பின்தெருவில்
ஆறு கட்டில், ஆறு மிஷின்.
கைக்கு இரண்டு ஊசி, சாக்கு தைக்கிற தடிமன்.
என் ரத்தம் வெளியே போய்
மலை சுற்றி வந்த வண்டி போலத் திரும்பி வரும்.

பக்கத்துக் கட்டிலில் செவ்வாய்ப்பேட்டை தாண்டவன்,
கொலுசுக்குப் பொடி வைத்து ஊதுகிறவர்.
பேச்சிலும் அப்படித்தான்.
எதிரே தாரமங்கலத்து ஷகிலா பானு.
மூலையில், காதிலிருந்து பாட்டைக் கழற்றாத
ஓமலூர்க் கல்லூரிப் பெண்.

மே மாதம். தெருவெல்லாம் மாம்பழ வாசனை.
எங்களுக்கு அது விஷம்.
இதயம் ஓசையில்லாமல் நின்றுபோகும் என்று
சுவரில் படம் ஒட்டியிருக்கிறது.
படத்தில் இருப்பது
சந்தேகமே இல்லை, மல்கோவா.

அந்த வெள்ளிக்கிழமை
தாண்டவன் துண்டுக்குள் ஒரே ஒரு பழம் வைத்திருந்தார்.
சிஸ்டர் அமுதவல்லி பார்த்துவிட்டாள்.
வெளியே போனாள், வந்தாள்.
"டாக்டர்கிட்ட கேட்டுட்டேன்.
மிஷின் ஓடுறப்பவே. ஆளுக்கு ஒரு நகக்கண் அளவு.
அதுக்கு மேல யாரும் என்னக் கேக்கக் கூடாது."

கையை அசைக்க முடியாதவர்கள் நாங்கள்.
வாயைத் திறந்தோம்.
வரிசையாக வந்தாள்.
ஷகிலா கண்ணை மூடிக்கொண்டார்.
அந்தப் பெண் ஒரு காதிலிருந்து மட்டும்
பாட்டைக் கழற்றினாள்.
என் நாக்கில் வைத்தபோது
முழங்காலில் நிற்கையில் எனக்கு நடப்பது
படுத்தபடியே நடந்தது.

பொய் சொல்ல மாட்டேன், எதுவும் குணமாகவில்லை.
ஊசி போட்ட இடம் அன்றைக்கு அதிகமாகவே வலித்தது.
உட்கார இடமில்லாத வண்டியில்
யாரையும் எழுப்பாமல், எதையும் நகர்த்தாமல்
ஒருவர் ஏறி வந்து
உட்கார்ந்துவிட்டது போலிருந்தது.
எப்படி உட்கார்ந்தார் தெரியவில்லை.
டிக்கெட்டும் கேட்கத் தோன்றவில்லை.

"டிரைவர் அழுவுறாரு," என்றார் தாண்டவன்.
"அழுவட்டும், தண்ணி குறையும்."
ஷகிலா பானுவுக்குத்தான் முதலில் வெடித்தது.
கட்டில் கட்டிலாகச் சிரிப்பு பரவி
கை ஆடி, குழாய் மடங்கி
மூன்று மிஷின் ஒன்றாக அலற
சிஸ்டர் ஓடி வந்து
எல்லோரையும் பொதுவாகத் திட்டினாள்.

சாயங்கால வண்டியில் ஏறினேன்.
ஒன்று, இரண்டு என்று வளைவுகள்.
ஒன்பதில் குளிர் தொடங்கியது.
வீட்டு வாசலில் தயாமணி
என் காலரைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.
"என்ன மஞ்சக் கறை?"
சொன்னேன்.
முகம் கடுத்தது. உள்ளே போனாள்.
அலமாரியைத் திறக்கும் சத்தம்.
"எத்தனை மில்லி?"

பென்சிலோடு அவள் நிற்பது
கதவிடுக்கில் தெரிந்தது.
எனக்குச் சொல்லத் தெரியவில்லை.
சிரிக்க ஆரம்பித்தது
அவள்தான்.