அறுபதில் ஒரு பங்கு

கொருக்குப்பேட்டை கேட் சாத்தியிருக்கிறது.
பைக் டேங்க்கின் மேல் போனைச் சாய்த்து
இன்னொரு தரம் ஓட்டிப் பார்க்கிறேன்.
நொடிக்கு ஐம்பத்து மூன்று படம்.
போன வாரம் அறுபது இருந்தது.
நான்தான் குறைத்தேன்.

பகலில் கண்டெய்னர் யார்டில் எண் எழுதுகிறவன்.
நாலு எழுத்து, ஏழு இலக்கம்.
ஒன்று பிசகினால் கொழும்புப் பெட்டி
மலேசியாவுக்குக் கிளம்பிவிடும்.
ராத்திரியில்
தயாரிப்பு நின்றுபோன ஒரு விளையாட்டுப் பெட்டியை
ஆறாயிரம் ரூபாய் போனுக்குள்
நடமாட வைக்கிறேன்.
யாரும் கேட்கவில்லை.

அந்தப் பெட்டிக்குள் மூன்று பேர்.
கணக்குப் போடுகிறவன் ஒருவன்,
படம் வரைகிறவன் ஒருவன்,
மூலையில் உட்கார்ந்து சத்தம் எழுப்புகிறவன் ஒருவன்.
மூவருக்கும் ஒரே துடிப்பு.
என் போனில் இருப்பதோ ஒரே ஆள்,
மூன்று வேஷமும் அவனே கட்ட வேண்டும்.
துடிப்புக்குத் துடிப்பு வேஷம் மாற்றினால்
எல்லாம் அச்சு அசலாக வரும்,
நொடிக்கு ஒன்பது படம் வீதம்.
ஒரு வரி முடியும்வரை ஒருவனையே ஓடவிட்டால்
வேகம் பிடிக்கும்,
ஏரித் தண்ணீரில் நிலா மட்டும்
நாலு புள்ளி தள்ளி விழும்.
நாலு புள்ளி யார் கண்ணில் படப்போகிறது
என்று விட்டேன்.
ஒரு வாரம் தூங்கவில்லை.

பெரிய லாபம் காத்திருப்பில் இருந்தது.
பாதி நேரம் அந்த இயந்திரம் வேலையே செய்வதில்லை.
திரை முடிந்ததா
திரை முடிந்ததா என்று
ஒரே கேள்வியைச் சுற்றிச் சுற்றி வருகிறது.
எண்ணூர் ரோட்டில் ரெண்டு நாளாக
துறைமுக கேட்டைப் பார்த்து நிற்கிற டிரெய்லர்கள் மாதிரி.
சேசிஸுக்கு அடியில் தூளி கட்டி டிரைவர் தூங்க,
கிளீனர் பம்ப் ஸ்டவ்வில் சோறு வைக்கிறான்.
அந்தச் சுற்றை மோப்பம் பிடித்து
ஒரே தாவாகத் தாண்டினேன்.
நாற்பத்தொன்று.

மீதிக்கு ஒரு திருட்டு வேலை.
பெருக்கலுக்கு அதிகத் துடிப்பு, கூட்டலுக்குக் கொஞ்சம்
என்று அசலில் தனித்தனிக் கூலி.
நான் எல்லாக் கட்டளைக்கும்
இரண்டே துடிப்பு என்று ஒரே கூலி போட்டேன்.
அறுபது!
கத்திய கத்தலில்
கீழ்வீட்டு நாய் எழுந்து குரைத்தது.

எப்சிபாவிடம் கொடுத்தேன்.
ஸ்டான்லியில் டயாலிசிஸ் டெக்னீஷியன்,
நைட் டியூட்டிக்கு முன்னால் பீச் ஸ்டேஷன் எதிரே
நின்றபடி அத்தோ தின்றுகொண்டிருந்தாள்.
எங்கள் தெருவில் அந்த ஆட்டத்தை
முடித்தவள் அவள் ஒருத்திதான்.
கையைத் துடைத்துவிட்டு வாங்கினாள்.
மூன்றாம் கோட்டை வாசலில் செத்தாள்.
மறுபடி செத்தாள்.
மூன்றாவது தரம் போனையே முறைத்தாள்.

"இன்னாடா இது?
எட்டு பேய் ஒண்ணா வர்ற எடத்துல
பொட்டி மூச்சு வாங்குமே, அது எங்க?"

வாங்கும்தான்.
எட்டுப் பேய்களின் கணக்கை
ஒரு படத்துக்குள், நொடியில் அறுபதில் ஒரு பங்குக்குள்,
முடிக்க முடியாமல் அந்தப் பழைய சில்லு திணறும்.
ஆட்டமே சேற்றில் நடப்பது போல் ஆகும்.
அந்தத் திணறலுக்குள்தான்
அவள் கட்டைவிரல் குதிக்கக் கற்றிருந்தது.
என் பேய்கள்
கூலி குறைந்த சுறுசுறுப்பில்
விரலுக்கு முன்னால் வந்துவிட்டன.

குறை என்று நான் நினைத்ததும் கூட
அந்தப் பெட்டிதான் போல.

மூன்று ராத்திரி உட்கார்ந்து
ஒவ்வொரு கட்டளைக்கும் உரிய கூலியைக் கொடுத்தேன்.
படம் ஐம்பத்து மூன்றுக்கு இறங்கியது.
பாட்டு அங்கங்கே வறுகடலை போல் பொரிகிறது.
போன் பின்பக்கம் சுடுகிறது.
நேற்று அவளுக்கு அனுப்பிவிட்டு,
ஏழு குறையுது என்று எழுதினேன்.

சரக்கு வண்டியின் கடைசிப் பெட்டி போகிறது.
கேட் பாதி தூக்குவதற்குள்
அத்தனை பேரும் ஹாரன் அடிக்கிறார்கள்.
போன் அதிர்கிறது, எப்சிபா.
"வாசல் தாண்டிட்டேன். மூச்சு வாங்குது."

நிலா இன்னும் நாலு புள்ளி தள்ளித்தான் இருக்கிறது.
அதைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை.