பலூனுக்கு மேலே மழை

'கரிக்கோடு' மொத்தம் ஏழு இதழ்.
ஊர்ப்பெயர் ஒன்றிலும் இல்லை.

சென்னைதான் என்கிறான் ஜெய்லானி.
முதல் பக்கத்திலேயே மழை, ஏழு இதழும் விடாத மழை.
துப்பறிகிறவன் கோட்டைக் கழற்றுவதே இல்லை.
நம்ம ஊர்ல எவன்டா கோட்டு மாட்டுவான்,
கல்யாண மாப்பிள்ளையைத் தவிர?
கோரிப்பாளையத்தில் எக்ஸ்ரே எடுக்கிறவன் அவன்.
பகல் முழுக்கக் கறுப்பு வெள்ளையில் குடியிருப்பவன்.
நிழல் விஷயத்தில் அவனிடம் வாய் கொடுக்க முடியாது.

நான் கூரியர் போடுகிறவன்.
எனக்குத் தெரிந்ததெல்லாம் விலாசம்.

இரண்டாம் இதழ், பக்கம் பதினாலு:
தரையோடு தரையாக ஒரு பாலம்.
ஆறு என்று எழுதியிருக்கிறது, எருமை நிற்கிறது.
எந்த ஊர் என்று இதற்கு மேலுமா சொல்ல வேண்டும்?

நாலாம் இதழ்:
கோட்டுக்காரன் கையில் கண்ணாடி டம்ளர்.
விஸ்கி என்றான் ஜெய்லானி, அந்தப் படங்களில் அப்படித்தானாம்.
விஸ்கியில் ஆவி பறக்குமா?
பக்கத்தில் பித்தளைப் பானை, அதன் கழுத்தில் ஈரத்துணி.
பருத்திப்பால்டா அது.

ரஞ்சிதமணியின் முகத்தில் வரிவரியாக நிழல்.
வெளிநாட்டுப் படத்துப் பலகைத் திரை என்றான்.
நான் விரல் வைத்துக் காட்டினேன்:
வரிகள் படுக்கை இல்லை, நெட்டுக்குத்து.
தரை டிக்கெட் வரிசையின் கம்பிக் கூண்டு அது.
உள்ளே நிற்பவள் தப்ப முடியாது,
கவுண்டர் திறக்கிற வரை
யாரும் அவளைப் பிடிக்கவும் முடியாது.

சண்டை முற்றியது ஐந்தாம் இதழில்தான்.
அந்தப் பக்கம் முழுக்கக் கறுப்பு, அடியில் ஒரே வரி:
"ஆடியில் பழகினாள், சித்திரையில் கொன்றாள்,
ஆவணியில் கை கழுவினாள், மாசியில் மறைந்தாள்."
ஜெய்லானி விரல் மடக்கினான்.
பத்தொன்பது மாசம். அம்மாடி,
எவ்வளவு பொறுமையான கொலைகாரி!

எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.
மாசமில்லடா, வீதி.
உள்ளேயிருந்து வெளியே நட.
ஒரு ஆவணி மூல வீதிக்குத் தினம் ஒன்பது பார்சல் போடுகிறேன்.
மொத்தக் கதையும் இருபது நிமிஷம்.

நம்பவில்லை. ஆகவே
ராத்திரி ஒன்றரை மணிக்கு நடந்து பார்த்தோம்.
கோயில் பூட்டியிருந்தது, ஆடியை விட்டுவிட்டோம்.
சித்திரையில் ஒரு நாய் எங்களைச் சந்தேகித்தது.
ஆவணி மூல வீதியில் நகைக்கடை ஷட்டருக்கு முன்னால்
காவலாளி நாற்காலியில் வாய் திறந்திருந்தார்.
பதினேழாம் நிமிஷம்,
தெற்கு மாசி திரும்புகிற மூலையில்
ரோந்து ஜீப் நின்றது.

எங்கே போயிட்டு வர்றீங்க?
படம் பார்த்துட்டு சார்.
எந்தப் படம்?
ஜெய்லானி திருதிருவென்று விழித்து
கையிலிருந்த ஐந்தாம் இதழை நீட்டினான்.
டார்ச் பக்கத்தில் விழுந்தது.
ஏட்டய்யா ஒரு தடவை படத்தைப் பார்த்தார்,
ஒரு தடவை எதிரே இருந்த டிரான்ஸ்பார்மரைப் பார்த்தார்.
இந்த மூலையேதான். இடமெல்லாம் சரியாத்தான் போட்டிருக்கான்.
மழைதான் பொய்.
வீட்டுக்குப் போங்க.

ஜீப் போன பிறகும் ஜெய்லானி நகரவில்லை.
எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடிப்பதுபோல
பக்கத்தைத் தெருவிளக்குக்கு நேரே பிடித்தான்.
டேய்,
இந்த மழை வீட்டுக்குள்ளேயும் பெய்யுது.
படுக்கை நனையல. கூந்தல் நனையல.
பேச்சு பலூனுக்கு மேலேயும் கோடு போகுது,
எழுத்தைக் கிழிச்சிட்டுப் போகுது.

அப்போதுதான் இரண்டு பேருக்கும் உறைத்தது.
இருபது ஊர் சுற்றித் தேய்ந்த பிரிண்ட்,
கீறல் விழுந்த ரீல்,
பெஞ்சிலிருந்து எவனோ கத்துவான்:
மழை பெய்யுது, குடை எங்கடா!
இது வானத்து மழையே இல்லை.
வரைந்தவன் பார்த்த படங்களின் தேய்மானம்.

ஜெய்லானி அடுத்ததைக் கண்டுபிடித்தான்:
ஒவ்வொரு இதழின் கடைசிக் கட்டத்திலும்
வலது மேல் மூலையில் ஒரு கறுப்பு வட்டம்.
அச்சுப் பிழை என்று நினைத்திருந்தோம்.
அடுத்த மெஷினை ஓட்டு என்று
ஆபரேட்டருக்குச் சொல்லும் புள்ளி.

ஏழாம் இதழ் என் பையில் இருந்தது.
கடைசிக் கட்டம்: வெற்றுச் சுவர்,
இன்றே இப்படம் கடைசி என்ற ஒட்டுத்தாள் மட்டும்.
மூலையைப் பார்த்தோம்.

புள்ளி இருக்கிறது.

எட்டாவது இதழ்
இதுவரை எந்தக் கடைக்கும் வரவில்லை.