பதினேழாம் படம்

நாற்பது படங்கள்.
பெயரை மறைத்தோம், தேதியை மறைத்தோம்,
வயது மட்டும் ஓரத்தில்.
போஜன், ஜோபின், ஹாஜிரா, நான்.
பேசக் கூடாது. அடுத்தவர் தாளை எட்டிப் பார்க்கக் கூடாது.
ஆறு வாரம் போனபின் வரிசையைக் குலைத்து
மறுபடி அதே நாற்பது.

கூடலூரில் அப்போது ஜூன்.
எக்ஸ்ரே அறைச் சுவரில் ஈரம் ஒரு கறை வளர்த்திருந்தது.
கேரளா மேப் என்றான் ஜோபின்.
படுத்திருக்கும் எருமை என்றார் போஜன்.

உடைந்த முள்ளெலும்புக்கு எழுத்தும் எண்ணும் உண்டு.
ஏ, நசுங்கியது.
பி, பின்னால் இழுத்துக் கட்டியிருக்கும் நார் அறுந்தது.
சி, மேலும் கீழும் ஆளுக்கொரு பக்கம் நகர்ந்தது.
சி-யில் சண்டையே வரவில்லை.
ஏ மூன்றா நான்கா என்பதில் வந்தது,
ஒரு தட்டு விரிந்ததா, இரண்டுமா என்று.
பிறகு அந்த நார்.
சி.டி.யில் அது சரியாகத் தெரிவதில்லை.
இரண்டு முள்ளுக்கு நடுவே இடைவெளி கூடியிருக்கிறதா பார்த்து
அறுந்திருக்கும், அறுந்திருக்காது என்று சொல்ல வேண்டும்,
காயும் துணியை வைத்து
பக்கத்து வீட்டில் ஆள் உண்டா என்று சொல்வதைப் போல.

எவ்வளவு ஒத்துப்போனோம் என்பதற்கும் ஓர் எண் உண்டு.
குருட்டாம்போக்கில் ஒத்துப்போனதைக் கழித்தபின் மிஞ்சுவது.
கப்பா என்று பெயர்.
டீ கொண்டுவந்த உம்மர் காதில் அது மட்டும் விழுந்து,
"கப்பா தீர்ந்துபோச்சு சார், புட்டு இருக்கு."

எழுத்து மட்டும் என்றால் புள்ளி ஏழு ஆறு.
எண்ணையும் சேர்த்தால் புள்ளி ஐந்து இரண்டு.
முதல் தடவை நானும் இரண்டாம் தடவை நானும்
புள்ளி ஆறு எட்டு.
"பரவாயில்லையே, என் வீட்டில் இதைவிடக் கம்மி" என்றார் போஜன்.

பெயர்களைத் திறந்தோம்.
பதினேழு, சிவனு.

மிளகு பறிக்க சில்வர் ஓக்கில் சாய்த்த ஏணி வழுக்கி
இரண்டு வருஷம் முன்னால், மாசி மாத ராத்திரி வந்தவன்.
பி இரண்டு, புரட்டாதீர்கள் என்று எழுதி நான்தான் ஊட்டிக்கு ஏற்றினேன்.
நடுவட்டம் வளைவுகளில் அவன் இடுப்பை
மனைவி பிடித்துக்கொண்டே போனாள்.
மேலே எம்.ஆர்.ஐ. பழுது.
என் எழுத்தை நம்பி நான்கு ஸ்க்ரூ, இரண்டு கம்பி.

தாளில் பதினேழாம் வரி:
போஜன் ஏ நான்கு. ஜோபின் பி இரண்டு. ஹாஜிரா ஏ மூன்று.
நான், முதலில் பி இரண்டு.
ஆறு வாரம் கழித்து, ஏ மூன்று.
ஏ மூன்று என்றால் ஒருவேளை பெல்ட் போட்டு
வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம்.
எந்த நான் சரி என்று தாளில் கட்டம் இல்லை.

வியாழக்கிழமை சிவனு வந்தான்,
குடையை வெளியே சாத்திவிட்டு, நடந்தே.
சட்டையைத் தூக்கினான். தழும்பு காய்ந்து வெளுத்திருந்தது.
குனியச் சொன்னேன், குனிந்தான்.
"அன்னைக்கு ஒரே பார்வையில சொன்னீங்க டாக்டரம்மா.
அந்தத் தைரியத்துலதான் கைநாட்டு வச்சேன்."
என் மேசையில் அந்தத் தாள், கவிழ்த்து வைத்தபடி.

"மழைக்கு மட்டும் கம்பி ஜில்லுங்குது.
எடுத்துடலாமா?"

இப்போதைக்கு வேண்டாம், இருக்கட்டும் என்றேன்.
அதையும் ஒரே பார்வையில்தான் சொன்னேன்.